அசல் நின்றது, வட்டி போயிற்று

பழைய பத்திரக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு வழக்கத்தை அறிந்திருப்பார்கள். புரோநோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்பது சட்டம்; ஆகையால் மூன்றாவது வருஷம் முடிவதற்குச் சில நாட்கள் இருக்கும்போதே, கடன் கொடுத்தவர் குடியானவனை அழைத்துவரச் செய்து, திண்ணையில் உட்காரவைத்து, அதுவரை ஏறியிருந்த வட்டியை அசலோடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையே புதிய அசலாகக் கொண்ட வேறொரு நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு, பழைய நோட்டைக் கிழித்துப் போடுவார். கிழிந்த காகிதத்தோடு, முதன்முதலில் கைமாறிய பணம் எவ்வளவு என்ற சாட்சியமும் போய்விடும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்பது அந்நாளில் கொடிய வட்டியாகக் கருதப்பட்டதில்லை. அந்த விகிதத்தில் நூறு ரூபாய் வாங்கியவன், இடையில் ஒரு காசும் திருப்பிக் கொடுக்காமல், ஒரு காசும் புதிதாக வாங்காமல், தவணைக்குத் தவணை நோட்டை மட்டும் புதுப்பித்து வந்தால், முதல் தவணையில் 136 ரூபாய்க்கும், இரண்டாவதில் 185 ரூபாய்க்கும், பன்னிரண்டாம் வருஷ முடிவில் 342 ரூபாய்க்கும் கடனாளியாக நிற்பான். வெறும் கையெழுத்து ஜாமீனாகப் போதாது என்று தோன்றுகிற கட்டத்தில் நோட்டு அடமானப் பத்திரமாகும், அடமானம் ஒத்தியாகும், ஒத்தி கிரயமாகும்.

இந்தப் படிகளில் எதுவரையில் குடியானவனுடைய பொறுப்பு, எங்கிருந்து அவன் பொறுப்பாக முடியாத வேறொன்று தொடங்குகிறது, அந்த இடத்தில் சர்க்கார் கை நீட்டலாமா என்ற கேள்விக்குச் சென்னை ராஜதானியின் சட்டசபை 1938-ஆம் வருஷத்தில் ஒரு விடை எழுதிற்று. அதற்கு முன்னும் பின்னும் கடனாளிகளுக்கென்று எத்தனையோ சட்டங்கள் வந்திருந்தாலும், கடன் என்பதை அசல் வேறு வட்டி வேறு என்று பிரித்துப் பார்த்து, இரண்டுக்கும் இரண்டு நியாயம் சொன்ன அந்த விடையே இன்றைக்கும் நினைக்கத் தக்கதாக எனக்குத் தோன்றுகிறது.

அப்படிப் பிரித்துப் பார்ப்பது இந்த தேசத்துக்குப் புதியதல்ல. ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி அசலுக்கு மேற்படக் கூடாது என்று மனு ஸ்மிருதி விதிக்கிறது. பிற்காலத்தில் இதைத் ‘தாம்துப்பட்’ என்று வழங்கினார்கள். மாதம் நூறு பணத்துக்கு ஒன்றேகால் பணம் தர்மமான வட்டி என்று சொல்லும் கௌடல்யர், வியாபாரத்துக்கு ஐந்து, காட்டு வழி போகிறவர்களுக்குப் பத்து, கடல் கடக்கிறவர்களுக்கு இருபது என்று, அபாயம் மிகுமளவுக்கு வட்டியையும் உயர்த்திக்கொண்டு போகிறார். நம்முடைய பக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கப்பட்ட காசுகளை வட்டிக்கு வாங்கிக்கொண்ட ஊர்ச் சபைகள், ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்த ஒப்புக்கொண்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆகிறது. சிறிய வட்டி அன்று. ஆனால் கொடுப்பதும் கோயில், வாங்குவதும் சபை. ஏமாற்றவும் மறைக்கவும் இடமில்லாதபடி கணக்கைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். குடியானவன் திண்ணையில் கிழிபட்ட நோட்டுக்கும் அந்தக் கல்லுக்கும் எவ்வளவு தூரம்!

ஆங்கில ஆட்சி வந்த பிறகு, வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ராஜாங்கம் தலையிடக் கூடாது என்ற கொள்கையும் கூட வந்தது. வட்டிக்கு உச்சவரம்பு விதித்திருந்த பழைய விதிகளை 1855-ஆம் வருஷத்துச் சட்டம் அடியோடு ரத்து செய்தது. தாம்துப்பட் என்ற பழைய நியாயத்தைப் பம்பாய் நீதிமன்றங்கள் ஹிந்துக்களிடையே விடாமல் அநுசரித்து வந்தன; சென்னையில் அது செல்லுபடியாகவில்லை. ஆகவே தமிழ்நாட்டுக் குடியானவனுக்கு ஸ்மிருதியின் பாதுகாப்பும் இல்லை, சர்க்காரின் பாதுகாப்பும் இல்லை. எழுத்தறியாத ஒருவனும் எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவரும் ஒரே காகிதத்தில் கையொப்பமிட்டால் இருவரும் சமம் என்று எண்ணிய அந்தக் கொள்கையை, அதை வகுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வகுத்திருக்க வேண்டும். ஆனால் அதன் விளைவு நிலத்தின்மேல் விடிந்தது.

முதலில் பொறுமை இழந்தவர்கள் தக்காணத்துக் குடியானவர்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்த காலத்தில் பருத்தி விலை ஏறியதை நம்பிக் கடன் வாங்கியிருந்தவர்கள், யுத்தம் ஓய்ந்து விலை சரிந்ததும் வட்டியில் மூழ்கி, 1875 மே மாதத்தில் பூனா ஜில்லாவின் சூபா என்ற ஊரில் தொடங்கி, லேவாதேவிக்காரர்களுடைய வீடுகளில் புகுந்து பத்திரங்களைத் தேடியெடுத்துக் கொளுத்தினார்கள். அவர்களுடைய கோபத்தில் ஒரு விவேகம் இருந்தது. பெரும்பாலும் அவர்கள் குறிவைத்தது ஆட்களை அல்ல, காகிதங்களை. அதன் பயனாக 1879-இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், கைக்கு வந்த பத்திரத்தோடு நின்றுவிடாமல், அதற்கு முன் எத்தனை பத்திரங்கள் எழுதப்பட்டன, ஆதியில் கைமாறிய தொகை எது என்று கடனின் சரித்திரத்தையே விசாரிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுத்தது. இந்த விதை சென்னைக்கு வந்து முளைக்க ஏறக்குறைய அறுபது வருஷம் பிடித்தது.

இடைக்காலத்தில் சென்னை சர்க்கார் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. குடியானவனுக்கு நிலத்தின்மேல் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்க வழி உண்டா என்று ஆராயும்படி 1892-இல் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தார்கள். ஜெர்மனியின் கிராமங்களில் ரைபைசன் என்பவர் ஏற்படுத்திய கடன் சங்கங்களை ஆராய்ந்து, அத்தகைய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதையே தம் நீண்ட அறிக்கையின் சாரமாக அவர் கூறினார். ராஜதானியின் கிராமக் கடன் அப்போது 45 கோடி ரூபாய் இருக்கும் என்பது அவருடைய மதிப்பு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. ஆனால் சங்கங்கள் கொடுத்தது விதைக்கும் எருவுக்கும் போதுமான குறுகிய காலக் கடன். தகப்பன் காலத்து அடமானத்தை மீட்பதற்கு அது காணாது. அதற்காகவே 1929-இல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கி ஏற்பட்டது. கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டி, நீண்ட தவணையில், பெரும்பாலும் பழைய கடனைத் தீர்ப்பதற்கென்றே கொடுத்த ஸ்தாபனம் அது. பிற்பாடு அந்தப் பத்திரங்களுக்கு சர்க்கார் உத்தரவாதமும் கொடுத்தது. யாருடைய கடனையும் தள்ளாமல், யாருடைய சொத்தையும் பறிக்காமல், கொடிய வட்டிக்காரருடைய இடத்தில் மிதமான வட்டிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்திய அந்த உதவியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பாங்கி பிறந்த வேளை கெட்ட வேளை. 1929-இன் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம், அடுத்த மூன்று நான்கு வருஷங்களில் நெல் விலையையும் வேர்க்கடலை விலையையும் பருத்தி விலையையும் ஏறக்குறையப் பாதியாக்கிற்று. இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கிஸ்தி ரூபாயில், வட்டி ரூபாயில், அசலும் ரூபாயில். குடியானவனிடம் உள்ளதோ நெல். முன்பு பத்துக் கலம் அளந்து அடைத்திருக்கக் கூடிய பாக்கியை இப்போது இருபது கலம் அளந்தால்தான் அடைக்க முடியும். அவன் கூடுதலாகக் குடித்துவிடவில்லை, கல்யாணத்தில் கூடுதலாகச் செலவழித்துவிடவில்லை, சாகுபடியில் சோம்பியிருக்கவும் இல்லை. எங்கேயோ ஒரு பட்டணத்தில் நடந்த காரியத்தினால் அவனுடைய கடன் நெல் கணக்கில் இரட்டித்துவிட்டது. ராஜதானியின் விவசாயக் கடன் 150 கோடி என்று 1930-இல் பாங்கி விசாரணைக் கமிட்டி மதிப்பிட்டது. 1935-இல் ஸத்யநாதன் என்ற அதிகாரி செய்த விசாரணையில் அது 200 கோடிக்கு மேற்பட்டிருந்தது. நடுவில் ஏறிய தொகையில் புதிதாக வாங்கியது சொற்பம், கட்ட முடியாமல் குவிந்த வட்டியே மிகுதி என்று ஊகிப்பதில் தவறில்லை.

அந்த வருஷங்களில் தமுக்குச் சத்தம் கேட்காத தாலுகா இல்லை. நீதிமன்ற டிக்ரியை நிறைவேற்றுவதற்காக நிலத்தை ஜப்தி செய்யும்போது, அந்த இடத்திலோ அருகிலோ பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. பிறகு ஏலத் தேதி குறிப்பார்கள். கையில் பணமுள்ளவர்கள் அருகியிருந்த காலமாகையால், டிக்ரிதாரரே நீதிமன்ற அநுமதி பெற்று ஏலம் கேட்பார். போட்டி இல்லாத ஏலத்தில் நிலம் அடிமாட்டு விலைக்குப் போகும். விலை போதாமல் நின்ற பாக்கிக்கு அந்தக் குடியானவனே இன்னும் பொறுப்பாளி. ஏலம் முடிந்து முப்பது நாட்களுக்குள் முழுத் தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதமும் கட்டினால் நிலம் திரும்பும் என்று சட்டம் இரக்கம் காட்டியதுண்டு. ஆனால் அந்தத் தொகையைக் கட்டக் கூடியவனாக இருந்தால் அவன் ஏலத்துக்கே வந்திருக்க மாட்டான். கடனாளியைச் சிவில் ஜெயிலில் வைக்கவும் வழி இருந்தது. உள்ளே இருக்கிறவனுடைய சாப்பாட்டுப் படியை வெளியே இருக்கிற கடன் கொடுத்தவர் கட்டிவர வேண்டும். 1936-இல் செய்த ஒரு திருத்தம், கொடுக்கச் சக்தி இருந்தும் கொடுக்க மறுக்கிறவனைத் தவிர மற்றவனை அடைக்கலாகாது என்று வரையறுத்தது. கொடுக்க முடியாதவன் வேறு, கொடுக்க மனமில்லாதவன் வேறு என்று நம் சட்டம் தெளிவாகச் சொல்லத் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

கடன் கொடுத்தவர்கள் இந்தக் காலத்தில் சுகப்பட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். பர்மாவில் நம் நகரத்தார் நடத்திய லேவாதேவியின் கதை இதற்குச் சாட்சி. கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-இல் அவர்கள் கையிலிருந்த நிலம் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு ஆறு. 1937-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்தாகிவிட்டது. அவர்கள் விரும்பியது பணத்தை; வந்து சேர்ந்தது வாங்க ஆளில்லாத நிலம். நிலத்தை இழந்த பர்மியர்களுடைய மனக்கசப்பும் அதோடு சேர்ந்தே வந்தது. பிறகு 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததும், பர்மா சுதந்திரமடைந்த பின் நிலங்கள் தேசிய உடைமையானதும் தெரிந்த சரித்திரம். வட்டியை உரிய வேளையில் விட்டுக்கொடுத்திருந்தால் அசலாவது மிஞ்சியிருக்குமோ என்ற எண்ணம், செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகிறது.

1937 ஜூலையில் ராஜகோபாலாச்சாரியார் சென்னையின் பிரதம மந்திரியானார். விவசாயக் கடனுக்கு நிவாரணமும் வட்டிக்குக் கட்டுப்பாடும் வேண்டும் என்பது 1931-இல் கராச்சி காங்கிரஸ் செய்த தீர்மானத்திலேயே இருந்தது. சேலத்தில் வக்கீலாயிருந்து பெயரெடுத்தவர், பிறகு திருச்செங்கோட்டுக்கு அருகே ஆசிரமம் அமைத்துக் குடியானவர்களிடையே வாழ்ந்தவர் என்ற முறையில், நீதிமன்றத்தில் பத்திரம் எப்படிப் பேசும் என்பதும், குடிசையில் அது எப்படிப் பேசும் என்பதும் இரண்டும் அவருக்குத் தெரியும். 1937 அக்டோபர் 1-ஆந் தேதி சேலம் ஜில்லாவில் அவர் மதுவிலக்கைத் தொடங்கினார். அதே அக்டோபர் 1-ஆந் தேதிதான் அவருடைய கடன் நிவாரணச் சட்டத்திலும் கணக்குத் தீர்க்கும் நாளாக வருகிறது. இது திட்டமிட்டதோ தற்செயலோ, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒன்று குடியானவன் தன் கையால் தனக்குச் செய்துகொள்ளும் கேட்டைத் தடுப்பது, மற்றது அவன் கையில் இல்லாத கேட்டிலிருந்து அவனை மீட்பது.

1938-ஆம் வருஷத்து நான்காவது சட்டமாகிய சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் அவ்வருஷம் மார்ச்சு 22-இல் அமலுக்கு வந்தது. 1932 அக்டோபர் 1-ஆந் தேதிக்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் 1-ஆந் தேதியன்று பாக்கி நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அசலை மட்டும் கொடுத்தால் போதும். அசலாகவோ வட்டியாகவோ அதற்குள் அசலைப்போல் இரு மடங்கு கொடுத்திருப்பவனுக்குக் கடனே இல்லை. 1932-க்குப் பின் வாங்கிய கடனுக்கு, சட்டம் அமலாகும் நாள்வரை நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேற்படாத தனி வட்டி. இனிமேல் வாங்கும் கடனுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடிக்கு மேல், அதாவது வருஷத்துக்கு ஓரணாவுக்கு மேல், வட்டி கேட்கலாகாது. நூற்றுக்கு ஆறேகால் ஆகிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது, நோட்டைப் புதுப்பித்திருந்தாலும் வேறு பத்திரத்தில் சேர்த்து எழுதியிருந்தாலும், ஆதியில் கொடுத்த தொகை எதுவோ அதுவே அசல் என்ற விளக்கம். திண்ணையில் கிழித்துப் போட்ட காகிதங்களையெல்லாம் சட்டம் பொறுக்கியெடுத்து ஒட்டிப் படித்தது என்றே சொல்ல வேண்டும். 1937 அக்டோபருக்குப் பிறகு ஏலம் போய்விட்ட நிலங்களுக்குங்கூட, தொண்ணூறு நாட்களுக்குள் மனுச் செய்தால் ஏலத்தை ரத்து செய்ய இடமிருந்தது.

1932 என்ற வருஷத்தை எல்லையாக வைத்ததில் ஒரு நுட்பமான நியாயம் இருப்பதாக என் அபிப்பிராயம். விலை விழுவதற்கு முன் கடன் வாங்கியவன், வரப்போவதை அறிந்திருக்க முடியாது. அவனுக்கு முழு வட்டியும் போயிற்று. விலை விழுந்த பிறகு வாங்கியவனுக்குத் தன் நெல் என்ன விலை போகும் என்று தெரியும், தெரிந்தே வாங்கினான், ஆகையால் அவன் வட்டி கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் மிதமாகக் கொடுத்தால் போதும். அசலிலோ, இரு மடங்கு கட்டித் தீர்த்தவனைத் தவிர, ஒருவனுக்கும் ஒரு காசு தள்ளுபடி இல்லை.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களுடைய வாதத்தின் உயிர் இந்தச் சொல்லில் இருந்தது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது சட்டத்துக்காக அன்று, தர்மத்துக்காக. பிதாவின் கடனைப் புத்திரன் தீர்ப்பதைப் புண்ணியமாகக் கருதும் தேசம் இது. கொடுக்க வேண்டாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டால் கொடுக்க முடிந்தவனும் கொடுக்க மாட்டான், இனிக் கொடுப்பாரும் இரார் என்றார்கள். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் கொழுத்த செல்வர்கள் அல்ல என்பதும் அவர்கள் எடுத்துக்காட்டிய உண்மை. கணவனை இழந்தவள் தன்னிடம் வந்த இரண்டாயிரம் ரூபாயை உறவுக்காரர் ஒருவரிடம் வட்டிக்கு விட்டு, அந்த வட்டியில் ஜீவனம் நடத்துவது நம் குடும்பங்களில் சாதாரணம். சட்டத்தை இயற்றியவர்கள் இதைக் கேட்டார்கள். வேறு சொத்தில்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன், அசல் மூவாயிரம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நான்காவது பிரிவில் எழுதினார்கள். வேலைக்காரனுக்கு வரவேண்டிய கூலி, ஜீவனாம்சம், நம்பிக்கை மோசத்தினால் ஏற்பட்ட பொறுப்பு ஆகியவற்றையும் அப்படியே விலக்கினார்கள். கடனாளி என்பதனாலேயே ஒருவன் ஏழை என்றும், கொடுத்தவர் என்பதனாலேயே ஒருவர் செல்வர் என்றும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாத சட்டம் அது.

நாணயத்தைப் பற்றிய வாதத்துக்கு என்னுடைய பதில் ஒன்றுண்டு. அசலைத் திருப்பிக் கொடுத்தவன் வாங்கியதைக் கொடுத்துவிட்டான்; அவன் நாணயஸ்தன். விலை வீழ்ச்சியின் பாரத்தை இருவரில் ஒருவர் மட்டும் சுமக்க வேண்டும் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்க நியாயமில்லை. அதைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு மத்தியஸ்தன் தேவைப்பட்டான். சர்க்கார் அந்த மத்தியஸ்தனாக வந்தது. மாகாணச் சட்டசபைக்கு இதற்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு டில்லி பெடரல் நீதிமன்றம்வரை சென்றது. புரோநோட்டு மத்திய சர்க்காரின் விஷயம் என்ற ஆக்ஷேபத்தை நிராகரித்து, 1940-இல் அந்த நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

அதே மந்தத்தில் அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1933-இல் ஏற்பட்ட வீட்டுடைமையாளர் கடன் கழகம், சுமார் பத்து லட்சம் வீடுகளின் அடமானங்களைக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பத்திரம் கொடுத்து வாங்கி, பதினைந்து வருஷத் தவணையில், நூற்றுக்கு ஐந்து வட்டியில் மாற்றி எழுதிக் கொடுத்தது. வட்டியை அழிக்கவில்லை, காலத்தை நீட்டியது. அப்படியும் சுமார் இரண்டு லட்சம் வீடுகள் மீளாமல் போயின. மின்னஸோட்டா மாகாணம் ஏலங்களை ஒத்திவைத்துச் செய்த சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1934-இல் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழையில்தான் ஏற்றுக்கொண்டது. உலகின் இரு பக்கங்களிலும் நீதிபதிகளுக்கு ஒரே சங்கடம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, சென்னைச் சட்டத்தின் குறைகள். எதிர்த்தவர்கள் எச்சரித்தபடி, கிராமத்தில் கடன் கிடைப்பது அரிதாயிற்று. ஓரணா வட்டிக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள், கொடுத்ததற்கு மேல் தொகையை நோட்டில் எழுதி வாங்கினார்கள். இன்னும் சிலர், கிரயமாகவே எழுதிக் கொடு, பணம் கொண்டுவந்தால் நிலத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வாயால் சொன்னார்கள். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் எழுதப்பட்டாலொழிய அது அடமானம் ஆகாது என்று 1929-இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஆகவே அந்த வாய்ச்சொல்லை நம்பியவனுக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. பழைய வட்டிக்காரரை விலக்கிய சர்க்கார், அவருடைய இடத்தை உடனே நிரப்பியிருக்க வேண்டும். நில அடமான பாங்கிகளோ கூட்டுறவுச் சங்கங்களோ அந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. இது சட்டத்தின் பிழை என்பதைவிட, சட்டத்தோடு சேர்ந்து நடக்க வேண்டியிருந்த காரியம் நடக்காத பிழை.

அதைவிடப் பெரிய குறை ஒத்தியைப் பற்றியது. நிலத்தை ஒத்திக்கு, அல்லது போக்கியத்துக்கு, விட்டவன் வட்டி கட்டுவதில்லை. ஒத்தி வாங்கினவர் வட்டிக்கு ஈடாக மகசூலை அநுபவிப்பார். கேட்பதற்கு இது நியாயம்போல் தோன்றும். ஆனால் மகசூல் வட்டிக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அது அசலில் கழியாது. அசலை மொத்தமாகக் கொண்டுவந்து வைக்கும் நாள்வரை நிலம் திரும்பாது. நிலம் கையில் இல்லாதவனுக்கு அசல் சேர்க்க வழியும் இராது. தகப்பன் ஒத்திக்கு விட்ட வயலிலேயே மகன் கூலிக்கு நாற்று முடி சுமந்த குடும்பங்கள் உண்டு. வட்டி என்ற பெயரே இல்லாத இந்தக் கடன் 1938-இன் சட்டத்துக்குத் தப்பிவிட்டது. 1948-இல் செய்த திருத்தத்தில்தான், ஒத்தி வாங்கினவர் முப்பது வருஷம் நிலத்தை அநுபவித்திருந்தால் கடன் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. முப்பது வருஷம் ஒரு தலைமுறை. இருந்தாலும், முடிவில்லாமல் இருந்ததற்கு ஒரு முடிவு ஏற்பட்டதே என்று அதையும் பெரிய அநுகூலமாகவே எண்ண வேண்டும்.

மூன்றாவது குறைக்கு இன்றுவரை முழுப் பரிகாரம் காணவில்லை. சட்டத்தின்படி விவசாயி என்பவன் நிலத்தில் ஏதேனும் ஓர் உரிமை உள்ளவன். நிலமே இல்லாமல் பிறர் வயலில் உழைத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் காய்ச்சலுக்கும் கடன் வாங்கிய கூலிக்காரன் அதில் சேரவில்லை. உலக யுத்தத்தின்போது நெல் விலை ஏறியதும் பெரிய நிலக்காரர்கள் தங்கள் கடனைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். 1946-இல் நாராயணஸ்வாமி நாயுடு செய்த விசாரணையில், அவர்களுடைய கடன் குறைந்தும் விவசாயத் தொழிலாளர்களுடைய கடன் பெருகியும் இருந்தது தெரியவந்தது. அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அடமானக் கடன் நிவாரணத்தால் என்ன பயன்? கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலும் தனியாக ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அந்தக் கூலிக்காரனுடைய பேரன் இன்னும் அதே வாசலில் நிற்கிறான் என்றுதான் அர்த்தம்.

கடனாளியின் உருவமும் இப்போது மாறியிருக்கிறது. பத்துக் கல நெல்லுக்குப் பதில் மாதச் சம்பளம். வயலுக்குப் பதில் வீடு. திண்ணைக்குப் பதில் பாங்கி. 2002-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின், தமுக்கும் நீதிமன்றமும் இல்லாமல் பாங்கியே நோட்டீஸ் கொடுத்து ஏலம் போடலாம். ஆனால் 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காக ஊரெல்லாம் அடைக்கப்பட்டபோது எழுந்த கேள்வி பழைய கேள்விதான். மூன்று மாதமும் பிறகு மூன்று மாதமுமாகத் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் பாங்கி அநுமதித்தது. ஒத்திவைத்த தவணையின் வட்டிக்கும் வட்டி உண்டா என்று ஜனங்கள் கேட்டார்கள். இரண்டு கோடி ரூபாய் வரையிலுள்ள கடன்களுக்கு அந்த மேல்வட்டியை மத்திய சர்க்கார் தானே ஏற்றது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வட்டியையே முழுதும் தள்ள வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்து, வட்டிக்கு வட்டி மட்டும் எந்தக் கடனிலும் வாங்கலாகாது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இனியும் விலை விழும், நோய் வரும், மழை பொய்க்கும், அப்போது மறுபடியும் சட்டசபைகளில் கடன் நிவாரண மசோதாக்கள் வரும். அசலையும் வட்டியையும் ஒன்றாகக் கட்டித் தள்ளுவது எளிது. தேர்தல் சமயத்தில் அது இன்னும் எளிது. அந்த மசோதாவை எழுத உட்காருகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம்: 1938-ஆம் வருஷத்து நான்காவது சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வட்டியை நீக்கி அசலை நிறுத்திய எட்டாவது பிரிவை ஒரு தடவையும், மூவாயிரம் ரூபாயைத் தவிர வேறு ஆஸ்தி இல்லாத ஒரு பெண்ணை நினைத்து எழுதிய நான்காவது பிரிவை இரண்டு தடவையும் படித்துவிட்டு எழுதுங்கள்.